அக்கா கப்பலின் கடைசிப் படம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அந்த வரிசையில் அடுத்ததாகக் குறிப்பிடத் தகுந்த நிகழ்ச்சி அந்த மாதம் பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, கடல்வழி வரலாற்றுச் சங்கத்தின் முதல் மாடி அரங்கில் நடக்கவிருந்தது. அழைப்பிதழ் ஏறத்தாழ அப்படித்தான் சொன்னது. ‘காலத்தால் அழியாத மாமனிதருக்குக் கடலளவு நன்றி’ என்று மேலே தங்க நிறத்தில் போட்டு, அதன் கீழே சங்கத் தலைவரின் பெயரைக் கட்டை விரல் பருமனுக்கும், துணைத் தலைவர்கள் நால்வரின் பெயர்களைச் சுண்டு விரல் பருமனுக்கும் அச்சடித்திருந்தார்கள். விழா யாருக்கு என்பது கடைசிப் பக்கத்தில், ‘வாகனங்களை நிறுத்த இடமில்லை’ என்ற குறிப்புக்கு மேலே ஒரு வரியாக இருந்தது.

மகள்தான் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கடலளவுன்னா எந்தக் கடலாம்?” என்றார், படித்து முடித்ததும். “ஆழம் ஒவ்வொண்ணுக்கும் வித்தியாசப்படும்.”

அவருக்கு எழுபத்தொன்பது வயது. தெருவில் அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அவருக்குக் கப்பல் இருக்கிறது என்று நினைத்து முதல் மாதம் மரியாதையாக நடந்துகொள்வார்கள். இரண்டாம் மாதம் விஷயம் தெரிந்துவிடும். கப்பல் முகவர் அலுவலகமொன்றில் முப்பத்து நான்கு வருடம் சரக்குப் பட்டியல் எழுதியவர் அவர். வேலை விஷயமாக ஒரே ஒரு முறை படகில் ஏறி, நடுத்துறைமுகத்தில் நின்ற கப்பலுக்குக் கையெழுத்து வாங்கப் போனார். கப்பல் கிட்டே வருவதற்குள் இரண்டு தடவை வாந்தியெடுத்து, கையெழுத்தைப் படகுக்காரரை விட்டு வாங்கிவரச் சொன்னார். பயணிகள் கப்பலைப் பற்றி இந்த உலகத்தில் இவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது என்று சொல்லப்பட்டவர், பயணியாக ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. யாராவது குத்திக் காட்டினால் பதில் தயாராக வைத்திருப்பார்: எல்லா நோயும் வந்த பிறகுதான் ஒருத்தர் டாக்டர் ஆகணுமா?

அவர் சேர்த்து வைத்தது முப்பத்தோராயிரத்துச் சொச்சம் புகைப்படங்கள். அவற்றுக்கு ஒவ்வொன்றாக எழுதிய அட்டைகள். ஒவ்வொரு தளத்திலும் எந்த அறை எங்கே இருந்தது என்று காட்டும் மடித்த வரைபடங்கள், பயணிகள் பட்டியல்கள், சாப்பாட்டு அட்டைகள், நாற்பது வருடக் கடிதங்கள். தட்டு, கோப்பை, மணி, நங்கூரம் எதுவும் கிடையாது. அதையெல்லாம் சேர்க்கிறவன் ஓட்டல்காரன் என்பது அவர் கட்சி. படத்தின் பின்பக்கம் பென்சிலால்தான் எழுத வேண்டும்; மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பழைய காலத்துப் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, நிறுத்தித்தான் வைக்க வேண்டும். செருப்பு வாங்கும் பெட்டியில் ஈரம் உறிஞ்சுவதற்கென்று போட்டுத்தரும் சின்னப் பொட்டலங்களைத் தெருவே அவருக்காகச் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பொட்டலங்கள்தான் வீட்டில் எல்லோரையும்விட சொகுசாக, பீரோவுக்கு நாலு வீதம் படுத்திருந்தன. பழைய பிலிம் சுருள்கள் கெட்டுப்போகும்போது புளித்த காடி வாசனை வரும். அந்த வாசனை வீட்டுக்கே உரிய வாசனையாகிவிட்டது. மகளின் பள்ளித் தோழிகள் அவளிடம் ஊறுகாய்க் கம்பெனி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதுண்டு.

அம்மா இருந்தவரை, தான் இந்தக் கப்பலில் மூன்றாம் வகுப்புப் பயணி என்று சொல்லிக்கொள்வாள். முன்னறை, நடு அறை, படிக்கட்டின் கீழ் எல்லாம் கப்பல்களுக்கு. மனிதர்களுக்கு சமையலறையும் பின்னறையும். அம்மா போய் ஆறு வருடமாகிறது. அவள் படுத்திருந்த கட்டிலின் அடியில் இப்போது இரண்டு நிறுவனங்களின் கப்பல்கள் இருந்தன.

மகளுக்கு வயது ஐம்பத்தொன்று. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் தானும் ஒருமுறை விட நேரமிருக்காது. கடந்த ஐந்து மாதமாக அவள் செய்துவந்தது ஒன்றே ஒன்று: இந்தச் சேகரத்துக்கு ஓர் இடம் தேடுவது. அவர்கள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். முப்பதாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். அவர்களுக்குக் கிடைத்த புது வீடு மூன்றாவது மாடியில் இரண்டே அறை. பீரோக்களைக் கொண்டுவருவதாக இருந்தால் தரை தாங்காது என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்தே வாங்கிக்கொண்டார். நூலகங்கள், காட்சியகங்கள், கல்லூரிகள் என்று பதினான்கு இடத்துக்கு அவள் கடிதம் போட்டாள். ஒன்பது பேர் பதில் போடவில்லை. நாலு பேர் சேகரத்தின் மகத்துவத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, கடைசி வரியில் கையை விரித்தார்கள். வெளிநாட்டில் இருந்த தம்பி, தொலைபேசியில், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டுத் தூக்கிப் போட்டுடுக்கா என்றான். முப்பத்தோராயிரம் படத்தை ஸ்கேன் செய்ய எத்தனை வருஷம் ஆகும் என்று அவள் கேட்டதற்கு, அங்கே நேரம் ஆகிவிட்டது, பிறகு பேசுகிறேன் என்றான்.

மிஞ்சியது சங்கம் ஒன்றுதான். தங்கள் கட்டடத்தில் ஒரு பெரிய அறை காலியாக இருக்கிறது, சேகரம் முழுவதையும் ஏற்றுக்கொள்வதாக விழா மேடையிலேயே தலைவர் அறிவிப்பார் என்று செயலாளர் சொல்லியிருந்தார். ஆகவே மகளைப் பொறுத்தவரை விழா என்பது நன்றியும் இல்லை, கடலும் இல்லை. ஒரு லாரி வருமா வராதா என்பதுதான்.

சங்கத்துக்கு இவ்வளவு ஆர்வம் வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு படம்.

ஒரே பட்டறையில் இரண்டு வருட இடைவெளியில் கட்டப்பட்ட இரண்டு கப்பல்கள் இருந்தன. வீட்டில் அவற்றுக்கு அக்கா, தங்கை என்று பெயர். இரண்டுக்கும் ஒரே உயரம், ஒரே நிறம், மும்மூன்று புகைபோக்கிகள். அதில் மூன்றாவது சும்மா. கீழே அடுப்பே கிடையாது. புகைபோக்கி கூடினால் கப்பலுக்கு பலம் கூடும் என்று பயணிகள் நம்பியதால் ஒப்புக்கு ஒன்று நட்டு வைத்தார்கள். சங்கத் தலைவரை அப்பா வீட்டுக்குள் குறிப்பிடுவது மூணாவது புகைபோக்கி என்றுதான். தங்கை கப்பல் முப்பது வருடம் ஓடி, கிழடு தட்டி, பழைய இரும்புக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா கப்பல் எழுபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. மூன்றாம் நாள் புயலில் அத்தனை ஆட்களோடும் மூழ்கியது. அது கிளம்பிய அந்தக் காலையில் எடுத்த படம் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று, நாற்பது வருடத்துக்கு முன் கப்பல்காரர் கண்டுபிடித்தார். மூடப்பட்ட ஒரு படப்பிடிப்பு நிலையத்திலிருந்து அவர் வாங்கிவந்த கண்ணாடித் தகடுகளில் அது இருந்தது. பாதிக் கப்பலை இழுவைப் படகின் புகை மறைத்திருக்கும். பின்பக்கக் கம்பியோரம் ஒரு மனிதர் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் அவரை மூன்று கண்டங்களுக்கு அறிமுகப்படுத்தியது. அப்போதிலிருந்து அந்தப் படம் இல்லாமல் கப்பல் புத்தகம் எதுவும் வந்ததில்லை.

கட்டுரை வந்த அடுத்த மாதமே ஒரு பெண் கடிதம் எழுதினாள். அந்தக் கப்பலோடு போனவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர். போகும்போது அவளுக்கு ஏழு வயது. கையை உயர்த்தி நிற்பது தன் அப்பாதான், பார்த்ததும் தெரிந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். கப்பல்காரர் பெரிதாக்கிய பிரதி ஒன்றை அனுப்பி வைத்தார். அதன்பின் வருடா வருடம், கப்பல் கிளம்பிய தேதியில், அவளிடமிருந்து நாலு வரியில் ஒரு கடிதம் வரும். அவர் அந்தக் கடிதங்களை மட்டும் பீரோவில் வைக்கவில்லை. தலையணைப் பக்கத்து மேசையில் வைத்திருந்தார்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அதே படத்தை மேடையின் பின்திரை அளவுக்குப் பெரிதாக்கப் போகிறோம், தூசி தும்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து அனுப்புங்கள் என்று செயலாளர் கோப்பு ஒன்றை அனுப்பினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், எக்ஸ்ரே அறையின் கணினியிலேயே மகள் அதைத் திறந்தாள். அவள் வேலையே மங்கலில் இருப்பதைப் பார்ப்பதுதான். நுரையீரலில் கடுகளவு நிழல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. புகை மறைத்த பகுதியை வெளிச்சம் கூட்டி, குறைத்து, கூட்டிப் பார்த்தாள். புகைக்குப் பின்னால், பயணிகள் உலாவும் தளத்தில், வரிசையாகச் சதுரச் சதுரமாகக் கண்ணாடி மின்னியது.

அக்கா கப்பலில் அந்தத் தளம் திறந்தவெளி. கண்ணாடி ஜன்னல் வைத்து மூடியது தங்கையில் மட்டும்தான். இது அவள் விரும்பித் தெரிந்துகொண்டதல்ல. மற்ற பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஊட்டியதுபோல அவளுக்கு இது ஊட்டப்பட்டது.

அடுத்த நோயாளி சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிரில் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரை மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். விடச் சொல்ல மறந்துபோனாள்.

நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவளுக்குப் பதினோரு வயது. அந்தக் கண்ணாடித் தகடுகளின் பழைய காகித உறைகள் செல்லரித்திருந்தன. ஒரு தகட்டை எடு, பழைய உறையில் இருப்பதைப் புது உறையில் எழுது, தகட்டைப் புது உறைக்குள் போடு, அப்புறம்தான் அடுத்ததைத் தொடு — இதுதான் அப்பா போட்ட சட்டம். வெளியே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டிரண்டாக எடுத்தாள். வேலை பாதி நேரத்தில் முடிந்துவிட்டது. அப்பா அவள் சுறுசுறுப்பைப் பாராட்டி, தலையைத் தடவிக்கொடுத்தார்.

கோப்பைத் திறந்து பார்த்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், கால் கழுவாமல், நேரே அப்பாவின் நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவின் வாழ்நாளில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: தன் அட்டைகளில் தப்பு இருக்காது. இன்னொரு ஊரில் இன்னொரு சேகரிப்பாளர் இருந்தார். ஒரு கப்பலின் புகைபோக்கியில் இருந்த பட்டை கருஞ்சிவப்பா காவியா என்று இருவரும் பதினோரு வருடம் கடிதத்திலேயே குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். அந்த மனிதர் இறந்துபோன செய்தி வந்தபோது அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனிமே என்னைத் தப்புன்னு சொல்ல யாரு இருக்கா என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட அப்பாவிடம் போய் இதைச் சொல்ல வேண்டும்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து, “அப்பா, அந்தப் படம் தங்கச்சிப்பா,” என்றாள்.

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். “ஜன்னலைப் பார்த்தியா?” என்றார்.

அவள் தலையாட்டினாள்.

“பத்தொம்பது வருஷம் ஆச்சு,” என்றார் அவர். “யாரோ ஒருத்தர் புத்தகத்துக்குப் பெரிசா பிரிண்டு போட்டு அனுப்பினார். பார்த்ததும் ஜன்னல் தெரிஞ்சுது. உறை மாறிப் போயிருக்கு.”

“நான்தான் மாத்தினேன்.”

“தெரியும். ரெண்டு ரெண்டா எடுத்திருப்பே.”

“ஏம்ப்பா அப்பவே என்கிட்ட சொல்லல?”

“சொல்லி? அப்ப உனக்கே ஆயிரம் பிரச்சினை. அந்தப் படத்தைக் குறிச்சு எழுதின அட்டை மட்டும் அறுநூத்துப் பன்னெண்டு இருக்கும்மா. எல்லாத்தையும் திருத்தணும், கட்டுரையைத் திருத்தணும், உலகம் பூரா கடிதம் போடணும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டேன். அப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சுது.”

உறை மாறியிருந்தால் இன்னொரு உறையில் இருந்த தகடுதானே உண்மையான அக்கா கப்பல், அதை எடுத்து வைத்தால் போயிற்றே என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. தப்பைச் சொன்ன கையோடு சரியானதையும் நீட்டிவிடலாம். சங்கத்துக்கு இன்னும் வாயெல்லாம் பல்லாகத்தான் இருக்கும்.

அப்பா முன்னறைச் சுவரைக் காட்டினார். அங்கே அந்தப் புகழ்பெற்ற படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

“அதுக்குக் கண்ணாடி போடணும்னு தோணிச்சு, அந்தக் காலத்துல,” என்றார். “தங்கச்சின்னு உறையில எழுதின தகடு நம்மகிட்ட ஆறு இருந்துச்சு. ஒண்ணு போனா என்னன்னு, ஒரு தகட்டை வெந்நீர்ல ஊறவெச்சுச் சுரண்டினேன். நல்ல கண்ணாடி. படம் முழுசா வழிச்சுக்கிட்டு வந்துடுச்சு. மிச்சம் அஞ்சையும் பாத்துட்டேன், எல்லாம் தங்கச்சிதான்.”

அவள் எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். சுத்தமான கண்ணாடிதான். ஒரு கீறல் இல்லை. அதில் அவள் முகமும் பின்னால் ஜன்னலும் தெரிந்தன.

“உன்னோடது சின்னத் தப்பு,” என்றார் அப்பா, அவள் முதுகைப் பார்த்து. “என்னோடதுதான் பெரிசு. அதனாலதான் வாயைத் திறக்கல. நிஜம் என்னன்னா, உன்மேல பழி போட்டுத் தப்பிச்சிருக்கலாம். அதுக்கும் சோம்பல்.”

சாப்பிடும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. பத்தொன்பது வருடமாகச் செருப்பில் கிடந்த கல்லை எடுத்துப் போட்டவர்போல இருந்தார். மேடையிலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது என்றார். பாராட்டு வாங்குகிற அன்றைக்கு ஒரு நிஜமாவது சொல்லிவிட்டு வாங்கலாமே. சங்கத்துக்கு வேண்டியது அந்த ஒரு படம். அது தங்கை என்று தெரிந்தால் லாரி வராது. லாரி வராவிட்டால் முப்பத்தோராயிரம் படமும் தெருவில் நிற்கும். இதையெல்லாம் மகள் பொறுமையாக, எலும்பு முறிந்தவரிடம் பேசுவதுபோலச் சொன்னாள்.

“முப்பதாம் தேதிக்கு அப்புறம் சொல்லுங்கப்பா. லாரி போன மறுநாள் சொல்லுங்க. நானே கடிதம் எழுதித் தரேன், உலகம் பூரா.”

அவர் பார்க்கலாம் என்றார். அவர் அகராதியில் அது சரி என்பதும் இல்லை, மாட்டேன் என்பதும் இல்லை.

விழா நாலரைக்கு என்றால் ஐந்தே காலுக்குத் தொடங்கியது. இருபது நிமிடம் தாமதம் மைக்கினால், மிச்சம் தலைவரால். துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பதவி போனாலும் அது நடையில் அப்படியே தங்கிவிட்டது. தாழ்வாரத்தில் வரும்போதே யாரோ அவருக்கு வழிவிட வேண்டும் என்பதுபோல வருவார், வழியில் யாரும் இல்லாவிட்டாலும். அரங்கில் அறுபது நாற்காலி, அதில் முப்பத்தெட்டு பேர். பின்வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் கீழ்த்தளத்தில் நடந்த மூட்டுவலிக் கருத்தரங்குக்கு வந்து மாடி மாறி ஏறியவர்கள். கால் வலியால் மறுபடி இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால், தரையிலிருந்து கூரை வரை, தங்கை கப்பல் அக்காவின் பெயரில் நின்றுகொண்டிருந்தது.

துணைத் தலைவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலாமவர் கப்பல்காரரைக் கலங்கரை விளக்கம் என்றார். இரண்டாமவர் நங்கூரம் என்றார். மூன்றாமவர் பாய்மரம் என்று ஆரம்பித்து, நீராவிக் கப்பலுக்குப் பாய்மரம் கிடையாது என்பது நடுவில் நினைவுக்கு வந்து, பேச்சைக் கடல்காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நாலாமவர் தன் சொந்தக் கப்பல் பயணம் ஒன்றைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அதில் கப்பல்காரர் வரவே இல்லை. அப்பா முன்வரிசையில், கனத்த கோட்டுக்குள், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள்போல உட்கார்ந்திருந்தார். மகள் அவர் கால்சட்டைப் பையைக் கவனித்தாள். அதில் மடித்த காகிதம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. நன்றியுரையை அவள்தான் தட்டச்சு செய்து, சட்டைப் பையில் வைத்திருந்தாள். கால்சட்டையில் இருந்தது அவளுடையது அல்ல.

தலைவர் பேசினார். வரலாறு என்றால் என்ன என்று அவரே கேட்டு, அவரே வியந்து, பதில் சொல்லாமல் விட்டார். அறுபது வருட உழைப்பில் ஒரு பிழை, ஒரே ஒரு பிழை உண்டா என்று சபையைப் பார்த்துச் சவால் விட்டார். பின்திரையைத் திரும்பிக் காட்டி, அந்தப் படம் ஒன்றே போதும் என்றார். கடைசியில் மகள் காத்திருந்த வார்த்தையும் வந்தது: இந்த மாபெரும் சேகரத்தைச் சங்கம் தன் மடியில் ஏந்திக்கொள்ளும். கைதட்டல். மூட்டுவலிக்காரர்களும் தட்டினார்கள். மகளுக்கு ஐந்து மாதத்தில் முதல்முறையாகத் தோள் தானாக இறங்கியது.

அப்போதுதான் தலைவர், ஒரு வியப்பு காத்திருக்கிறது என்று சொல்லி ஓரமாகக் கையைக் காட்டினார். சக்கர நாற்காலியில் ஓர் அம்மாளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எண்பத்தொரு வயது. காதில் கேட்கும் கருவி, மடியில் கைப்பை, கைப்பைமேல் கேடயம். கையை உயர்த்தி நிற்கும் அந்த மனிதரின் மகள் இவர்தான், கேடயத்தை இவர் கையாலேயே வழங்கப் போகிறோம் என்றார் தலைவர். நாற்பது வருடமாகக் கடிதம் எழுதிய கையைக் கப்பல்காரர் அன்றுதான் பார்த்தார். அந்தக் கை கேடயத்தின் கனத்தில் தாழ்ந்தது. அவர் குனிந்து, கேடயத்தை வாங்கினார் என்பதைவிட, அவள் கையிலிருந்து பாரத்தை இறக்கினார் என்று சொல்லலாம்.

பிறகு அவரை மைக்கிடம் கூட்டிப் போனார்கள். அவர் சட்டைப் பையைத் தொடவே இல்லை. கால்சட்டையிலிருந்து காகிதத்தை எடுத்து, விரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மகள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“பின்னாடி இருக்கிற அந்தப் படத்தைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்,” என்றார். “ரொம்ப வருஷமா சொல்லணும்னு இருந்தேன்.”

சக்கர நாற்காலி அம்மாள் காதுக் கருவியைத் திருகி, ஒலியைக் கூட்டிக்கொண்டு, முகத்தை அவர் பக்கம் தூக்கினாள். அவர் அவளைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். அரங்கில் யாரோ இருமினார்கள், அந்த இருமல் முடியும்வரை காத்திருந்தார்.

“புகை கொஞ்சம் அதிகம்,” என்றார். “வேற ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் நன்றி.”

எளிமை, எளிமை என்று தலைவர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

கீழே தேநீர் கொடுத்தார்கள். அப்பாவைச் சுற்றி நின்று துணைத் தலைவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் தேநீர்க் கோப்பையை அந்த அம்மாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்திருக்கிறீர்கள் என்றாள். கார் அனுப்பினார்கள், வீட்டிலும் போரடித்தது என்றாள் அந்த அம்மாள். பிறகு கோப்பையைக் கைப்பைமேல் வைத்துக்கொண்டு, அவளை இன்னும் கிட்டே குனியச் சொன்னாள்.

“நீ அவர் பொண்ணுதானே? உன்கிட்ட சொன்னா வெளியில போகாது. படத்துல நிக்கிறது எங்க அப்பா இல்லம்மா.”

மகள் தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எங்க அப்பாவுக்கு வலது கை தோளுக்கு மேல தூக்க வராது. சின்ன வயசுல அடிபட்டது. அந்தாளு கையை வானத்துக்குத் தூக்கிட்டு நிக்கிறான். பார்த்ததும் தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏம்மா கடிதம்...”

“அப்ப எங்கம்மா இருந்தா. அவளுக்கு அவர் போனதுக்கு ஒரு அடையாளம் வேணும். கிளம்பும்போது கை காட்டினாரான்னு கேட்டுக்கிட்டே இருப்பா. காட்டினார்ம்மா, இதோ பாருன்னு படத்தைக் காட்டினேன். அதுக்காகத்தான் எழுதி வாங்கினேன். அம்மா போய் முப்பது வருஷம் ஆச்சு. கடிதத்தை எந்த வருஷம் நிறுத்தறதுன்னு தெரியல. நிறுத்தினா உங்கப்பா என்ன நினைப்பாரோன்னு இருந்துச்சு.” ஒரு வாய் தேநீர் குடித்தாள். சர்க்கரை போதவில்லை என்றாள். “அவர்கிட்ட சொல்லிடாதே கண்ணு. பாவம், அந்த ஒரு படத்தை நம்பித்தான் வாழ்ந்திருக்கார். மனசு விட்டுப் போயிடும்.”

வீட்டுக்குத் திரும்பும் காரில் கேடயம் அப்பாவின் மடியில் இருந்தது. அந்த அம்மாள் சொன்னதையெல்லாம் அப்பாவிடம் கொட்டிவிடலாம் என்றுதான் மகள் நினைத்தாள். சொன்னால் சிரிப்பாரா, ஒரேயடியாக உடைந்துபோவாரா என்று யோசித்துக்கொண்டே திரும்பினாள். அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லுமளவுக்கு அவளிடம் தெம்பு இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள் அவளுக்குக் காலை வேலை. அதற்கு அடுத்த நாளிலிருந்து பெட்டி கட்டும் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரு தகட்டை எடுத்து, சுற்றி, பெட்டியில் நிறுத்தி, அப்புறம்தான் அடுத்ததைத் தொட்டாள். இருநூற்று நாற்பது பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றின்மேலும் உள்ளே இருப்பதை அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். அவர் குரல் பெட்டிக்குப் பெட்டி சின்னதாகிக்கொண்டே போனது.

இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. லாரி என்று எதிர்பார்த்துக் கதவைத் திறந்தவள், செயலாளரையும், அவருக்குப் பின்னால் ஒரு சின்ன வேனையும் பார்த்தாள். செயலாளர் உள்ளே வந்தார், பெட்டிகளைப் பார்த்தார், அடேயப்பா என்றார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நிர்வாகக் குழு கூடி மிக விரிவாக விவாதித்ததாகச் சொன்னார். சேகரத்தின் ஆன்மாவை மட்டும் எடுத்துக்கொள்வதே அதற்குச் செய்யும் உண்மையான மரியாதை என்று தலைவர் கருதுகிறாராம். அந்தப் பெரிய அறையைக் கூட்டம் நடத்துவதற்கு ஒதுக்கிவிட்டார்களாம்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரிலிருந்து அந்தப் படத்தைத் தானே கழற்றிக் கொடுத்தார். செயலாளர் அதைத் துணியில் சுற்றி வேனில் வைத்துவிட்டு, சங்கத்தின் முத்திரை போட்ட ரசீது ஒன்றை எழுதி நீட்டினார். ‘வாழ்நாள் சேகரம், உருப்படி ஒன்று, முழுமையாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று அதில் இருந்தது.

வீட்டைக் காலி செய்ய இன்னும் மூன்று நாள் இருந்தது.